சுரண்டிய கால்வாய்

எனக்கு அந்தம்மா மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழகிய மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கண் கலங்க எழுதுவார்கள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுத வருகிறது. செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அவர் சாகவில்லை. வாலாஜாபாத்தில் தம்பி வீட்டில் நன்றாக இருப்பதாகக் கேள்வி. எல்லார் போனையும் எடுக்கிறாராம், என் போனைத் தவிர.

ஒரகடத்தில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். கீழே அவர் தனியாக. மேலே மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் தெற்கிலிருந்து வந்தவர்கள், ஆளுக்கொரு ஷிஃப்ட். அவருக்குக் கணவர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிற தைரியம் எங்களில் எவனுக்கும் வரவில்லை. ஐம்பது வயதிருக்கும். நைட்டிக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, அதில் பத்து நிறத்தில் எண்ணெய்க் கறை. ஏரி, பறவை, நரி, கீரி என்று ஆயில் பெயிண்டிங் வரைந்து விற்பதுதான் அவர் பிழைப்பு. தெருவில் எல்லாருக்கும் அவர் பெயிண்டரக்கா.

என் தொழிலும் பெயிண்ட்தான். கார் பம்பருக்கு ரோபோ நிறம் அடிக்கும். வெளியே வருவதை நான் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, தூசி இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, நிறம் வழிந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். இருந்தால் தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். குடிவந்த முதல் வாரம் இதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப நீயும் பெயிண்டரு, நானும் பெயிண்டரா?" என்றார். "உன் கலரு டப்பாவுல வர்து. என் கலரு ஏரியாண்ட கீது. போபா, போய் வேலையப் பாரு."

'கீது' என்ற சொல்லை நான் அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் பக்கம் 'இருக்கு' என்போம். அறைக்குப் போய் ஐந்து பேரும் சோறு கீதா, குழம்பு கீதா என்று சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். மடையர்கள். அந்தம்மாவுக்கு அது சாமி மாதிரியான சொல் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "கீதுன்னா வரை. இல்லன்னா சுரண்டு." கண்ணால் பார்த்தது மட்டும்தான் துணியில் ஏறும். இருங்காட்டுக்கோட்டையில் லாட்ஜ் வைத்திருக்கிற ஒருவர் ரிசப்ஷனுக்கு ஒரு படம் கேட்டு வந்தார். அருவி விழ வேண்டும், கீழே புலி தண்ணீர் குடிக்க வேண்டும்.

"அருவி எங்க கீது? புலி எங்க கீது?" என்று கேட்டார் அக்கா.

"கற்பனையா வரைங்கம்மா. சும்மா ஒரு சீனரிதானே?"

அவ்வளவுதான். 'சீனரி' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அந்தம்மாவுக்கு முகம் மாறிவிடும். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். மறுபேச்சுப் பேசாமல் மூன்று வாரம் வேலை செய்து ஒரு படத்தை நீட்டினார். ரோட்டோரம் தண்ணிக் குழாய் உடைந்து பீய்ச்சி அடிக்கிறது, சொறி பிடித்த செவலை நாய் ஒன்று நாக்கை நீட்டிக் குடிக்கிறது. நாக்கின் நுனியில் ஒரு சொட்டு தொங்கும் பாருங்கள், கை நீட்டித் துடைக்கத் தோன்றும். லாட்ஜ்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போனார். நாய் எங்கள் அறைச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

கோயிலுக்கு யேசு படம் வரைந்த கதையும் ஊருக்கே தெரியும். யோர்தான் நதிக்கரையில் யேசு நிற்பது போல வேண்டும் என்றார் ஃபாதர். இவர் நம்ம ஏரிக்கரையில் நிற்க வைத்துவிட்டார். பின்னால் வேலிக்காத்தான், காலடியில் நத்தைக்குத்தி நாரை.

"யோர்தான நான் பார்த்ததில்ல ஃபாதர்."

"யேசுவை மட்டும் பார்த்திருக்கியாம்மா?"

"அவரப் பார்த்துகினுதானே கீறேன்."

படம் இன்னும் பீடத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அந்த நாரையின் அலகை வரைய அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். விடிகிறதற்குள் டிவிஎஸ் ஃபிஃப்டியில் துணியையும் பெட்டியையும் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். நோட்டில் பென்சிலால் வரைந்து பார்க்கிற பழக்கமே கிடையாது. "நோட்டுல வரைஞ்சா கை திருப்தியாய்டும். அப்பால துணில பொய்தான் வரும்" என்பார். நேரே துணிதான். முதலில் பழுப்பை டர்பன்டைனில் தண்ணீர் போலக் கரைத்து, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று மட்டும் பூசுவார். அது காய்ந்த பிறகு கொஞ்சம் கெட்டியாக, அதற்கும் மேலே ஆளி விதை எண்ணெய் சேர்த்து இன்னும் கெட்டியாக. கீழே மெலிசு, மேலே கொழுப்பு. மாற்றிச் செய்தால் படம் வெடிக்கும். பச்சை ட்யூப் வாங்கவே மாட்டார். மஞ்சளில் கறுப்பைத் தொட்டுக் கலந்துதான் ஏரிக்கரைப் பச்சையை எடுப்பார். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை வரும் என்பது கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் இருந்த எனக்கே தெரியாது. அந்த நாரை அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் எந்த நிறத்தில் தெரிகிறது என்று பார்க்க நான்கு காலை கரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து பெரிய கேமராவோடு வந்த இரண்டு பேர், பறவை பறந்தால்தான் படம் நன்றாக விழும் என்று கல்லை விட்டெறிந்திருக்கிறார்கள். அக்கா செருப்பைக் கழற்றி விட்டெறிந்திருக்கிறார். "இப்ப நீ பறடா, நான் பார்த்துகினு வரையறேன்" என்று அவர் கத்தியது படப்பை வரைக்கும் கேட்டிருக்கும் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

விற்ற படங்கள் எல்லாம் இப்படிப் பறவையும் தண்ணீரும்தான். விற்காத படம் ஒன்று இருந்தது. கட்டில் அகலத் துணி. எங்கள் அறைக்கு வெளியே, மாடிப்படி முடிகிற இடத்தில், தகரத்துக்குக் கீழே நிறுத்தியிருப்பார். அங்கிருந்து பார்த்தால் கீழே எங்கள் தெருவும் வாசல் கேட்டும், தெரு முடிகிற இடத்தில் ஏரி, இடது பக்கம் வயல்வெளி, அதன் நடுவே ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். இருபது வருஷமாக அந்த ஒரே படத்தை வரைந்துகொண்டிருந்தார். நாரை வந்தால் நாரையை ஏற்றுவார். வராத வருஷம் கத்தியை எடுத்துச் சுரண்டுவார். வயலில் நரி ஊளையிட்ட காலத்தில் நரி இருந்தது; நரி போனது, சுரண்டினார். மின்சார டவர் வந்தது, டவரை ஏற்றினார். எங்கள் கம்பெனி வந்தது, நீலத் தகரக் கூரையோடு அப்படியே ஏறியது.

"என்னக்கா, இம்புட்டு அழகான படத்துல எதுக்கு டவர வரையுதீங்க?" என்று கேட்டேன்.

"கீதே!" என்றார், என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்து.

எங்கள் கம்பெனி விரிவாக்கத்துக்கு வயல்களை வாங்கியது. ஒரு பொங்கல் விடுமுறையில், நாங்களெல்லாம் ஊருக்குப் போயிருந்தபோது, ஜேசிபி வந்து இரண்டே நாளில் கால்வாயை மண் போட்டு மூடிவிட்டு, மேலே சுவர் எழுப்ப அஸ்திவாரம் தோண்டியது. திரும்பி வந்து பார்த்தால் கால்வாய் இருந்த இடத்தில் மைதானம். மாசம் முடிவதற்குள் சுவர் எழுந்துவிட்டது. அக்கா சுவரைப் படத்தில் ஏற்றினார். சாம்பல் நிறம், மேலே முள்கம்பி, எல்லாம் சரியாக.

ஆனால் கால்வாயைச் சுரண்டவில்லை. படத்தில் சுவருக்குக் கீழே கால்வாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கவனித்தேன். கவனிக்கிறதுதானே என் பிழைப்பு? இருபது வருஷத்தில் அந்தம்மா முதல் முறையாகத் தன் சட்டத்தை மீறியிருந்தார். அந்தக் கால்வாயில்தான் அவர் நீச்சல் பழகினாராம். அவர் வரைந்த முதல் தண்ணீரும் அதுதானாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு என் வாய் சும்மா இருந்திருக்குமா, தெரியவில்லை.

அன்றைக்கு லைனில் எனக்குச் சரியான திட்டு. என் கண்ணில் படாத ஒரு கொப்புளம் அடுத்த டேபிளில் மாட்டிக்கொண்டது. ஷிஃப்ட் முடித்து, அதற்கு மேல் ஓவர்டைமும் பார்த்துவிட்டு வந்து படியேறினால், அக்கா சுவருக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாருபா கம்பெனிக்காரரு. தண்ணிய மூடிட்டு வந்து துன்ற சோறு செரிக்குதா?"

"நானாக்கா மூடுனேன்? நான் பம்பர் பாக்குறவன்."

"நீ பம்பரப் பார்த்துகினு கீற. அவன் காவாய மூடிகினு கீறான். ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதானே சம்பளம்?"

சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். "நீங்க மட்டும் யோக்கியமா?" என்றேன். "இல்லாத கால்வாய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நரி போச்சுன்னா நரியச் சுரண்டுவீங்க, இது மட்டும் இருக்கணுமா? இதுவும் சீனரிதானக்கா."

சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கத்தியை எடுத்தார். இருபது வருஷம் காய்ந்து இறுகிய பெயிண்ட். கரகரவென்று சத்தம். நீலமும் சாம்பலுமாகச் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டதாக வேறு நினைத்தேன், சனியன் பிடித்தவன். சுரண்டி முடித்த இடத்தில் மண் நிறத்தை மெலிசாகப் பூசிவிட்டு, "சரிதான் தம்பி. இல்ல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்து சர்வேயர் வந்தார். ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டிருந்தார்கள். கால்வாயை மூடிவிட்டார்கள், மழை வந்தால் தண்ணீர் ஊருக்குள் வரும், சுவரில் வழி விடச் சொல்லுங்கள் என்று. கம்பெனி தரப்பில் அங்கே கால்வாயே இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரிய கால்வாய் ரெக்கார்டில் இருக்கிறது, அதிலிருந்து பிரிகிற இந்தக் கிளை ரெக்கார்டில் இல்லை. சர்வேயர் நல்ல மனிதர்தான். நிழலில் உட்கார்ந்து, "பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்று பொறுமையாகக் கேட்டார். எல்லாரும் போனைத் துழாவினார்கள். கல்யாணம் இருந்தது, காது குத்து இருந்தது, ஒரு பிறந்தநாள் படத்தில் பின்னால் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. கால்வாயை யார் போட்டோ எடுத்து வைப்பார்கள்?

"பெயிண்டரக்கா வூட்டுல கீது சார்!" என்றார் வார்டு மெம்பர், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இருபது வருசமா வரைஞ்சிகினு கீறாங்க. பெரிய படம். காவாய் அப்டியே கீது."

படத்தின் பின்னால் அக்கா ஆரம்பித்த வருஷத்தை எழுதியிருந்தார். அதை போட்டோ எடுத்து, ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு சேர்த்து ரிப்போர்ட்டில் வைக்கிறேன், கொஞ்சமாவது நிற்கும் என்றார் சர்வேயர். முப்பது பேர் எங்கள் படியில் ஏறினார்கள். நான் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, பல் விளக்காமல் கதவோரம் நிற்கிறேன். படத்தில் சுவர் இருக்கிறது. டவர் இருக்கிறது. நீலக் கூரை இருக்கிறது.

"எங்கம்மா கால்வாய்?" என்றார் சர்வேயர்.

"சுரண்டிட்டேன்" என்றார் அக்கா.

எதிர்வீட்டுப் பெண்மணிதான் முதலில் ஆரம்பித்தார். "அடிப்பாவி, உனுக்கு இன்னா கேடு வந்துச்சி? சோத்துல மண்ணப் போட்டுட்டியே!" ஆளாளுக்குக் கத்தினார்கள். கம்பெனிக்காரனிடம் ஏதாவது வாங்கிக்கொண்டாயா என்றுகூட ஒருவன் கேட்டான். அந்தம்மா என் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். 'இந்தப் பேமானி சொல்லித்தான் சுரண்டினேன்' என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. என் கோபத்துக்கு வேர் எது என்று கேட்டால் இதுதான்.

உள்ளே ஓடிப்போய் அறையிலிருந்த டார்ச்சை எடுத்து வந்தேன். பம்பரைப் பார்க்கிற மாதிரி படத்தின் ஓரத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். சுரண்டின இடம் பள்ளமாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் பழைய பெயிண்ட் தடித்து, கரை கட்டினது போல நின்றது. துணியிலேயே ஒரு கால்வாய்.

"பாருங்க சார், இந்தா இருக்கு. நல்லாப் பாருங்க."

சர்வேயர் குனிந்து பார்த்தார். போனில் இரண்டு தடவை எடுத்தும் பார்த்தார். போனில் வெறும் மண் நிறம்தான் விழுந்தது. "எனக்குத் தெரியுதுப்பா. ஆனா எழுதறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். அடுத்த வாரம் கடைசியாக ஒரு தடவை வருவதாகவும், வேறு ஏதாவது கிடைத்தால் எடுத்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஜீப் தெருவைத் தாண்டியதும் மெம்பர் அக்காவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, ஒரு வாரம் கீது. முன்ன எப்டி இருந்துதோ அப்டி ஒரு கோடு இழுத்து உடு. யாருக்குத் தெரியும்?"

"இல்லாதத வரைய மாட்டேன்."

"இருந்துதேக்கா! நீ பார்த்ததுதானே?"

"இருந்துது. இப்ப இல்ல."

"உன் கொள்கையால ஊரே முழுவப் போவுதுக்கா."

"பொய் சொல்றான்னுதானே அவன் மேல மனு போட்ட? நானும் பொய் வரைஞ்சிக் குடுத்தா அவனுக்கும் எனக்கும் இன்னாபா வித்தியாசம்?"

அன்றைக்கு இதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போதும் கொதிக்கிறது. சொந்த ஊர், சொந்தக் கால்வாய், உண்மையாகவே இருந்த தண்ணீர். நீல நிறத்தில் ஒரு கோடு. எவன் குடி கெட்டுவிடும்? நானும் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மஞ்சளும் கறுப்பும் கலந்தால் பச்சை என்று கற்றுக்கொண்டவன், நானே வரைந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். தூரிகையைக் கையில் எடுத்தும் விட்டேன். கால்வாயில் தண்ணீர் எந்த நிறம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மூன்று வருஷம் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

சர்வேயர் வந்தார், போனார். சுவர் நின்றது. தெருவில் அக்காவோடு யாரும் பேசுவதில்லை. சர்ச்சில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை, தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. சுவரில் முட்டியது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி எங்கள் தெருவுக்குள் இறங்கியது. பத்து மணிக்கு முழங்கால், மதியம் இடுப்பு. தெருவில் எல்லாரும் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அக்கா வீட்டுக்குள் கட்டில் மிதந்தது. நாங்கள் அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தோம். வந்தவர் தலையைக்கூடத் துவட்டவில்லை. "பெட்டிய எடு" என்றார்.

மூன்று நாள். தகரத்துக்குக் கீழே, மூன்று பக்கமும் சாரல் அடிக்க, எங்கள் லுங்கியைப் போர்த்திக்கொண்டு வரைந்தார். அந்த ஈரத்தில் பெயிண்ட் காயவே இல்லை. சுவரின் மூலையில் முட்டித் திரும்பும் தண்ணீர், தெரு முழுக்க அதன் நுரை, பாதி மூழ்கின எங்கள் பைக்குகள், இரண்டாக மடங்கிக் கிடந்த வாசல் கேட், அந்தக் கேட் வழியாக அவர் வீட்டுக்குள் போகிற செம்மண் தண்ணீர். தண்ணீரைத் தூரிகையால் வரையவில்லை. சுரண்டின அதே கத்தியால் அள்ளி அள்ளி அப்பினார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன்.

"அக்கா, மெம்பர் கேட்டப்பவே வரைஞ்சிருந்தா இது வந்திருக்காதுல்லா?" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

திரும்பாமலே சொன்னார். "காவாய் இல்லன்னு நீ சொன்ன, கம்பெனியும் சொல்லிச்சி, நானும் ஒத்துகினேன். இப்ப வூட்டுக்குள்ளாற வந்து நிக்குது பாரு. கீது தம்பி."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். தண்ணீர் வடிந்ததும் தம்பி வந்து அழைத்துப் போய்விட்டார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். படத்தை எடுத்துப் போகவில்லை. நான் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஆட்டோவில் உட்கார்ந்தபடி சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீயே வச்சிக்கோ. மழைக்கு மழை வரும் பாரு, அந்தத் தண்ணி எப்ப தெருவ உட்டுப் போவுதோ, அப்ப சுரண்டு. அதுக்கு முன்னாடி கைய வெச்ச, தெரியும் சேதி."

நான் இப்போது படப்பையில் குடியிருக்கிறேன். அதே கம்பெனிதான், அதே பம்பர்தான். காறித் துப்ப வேண்டுமென்றால் துப்பிக்கொள்ளுங்கள். படம் ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் "நல்ல சீனரி, ஆனா அந்தத் தண்ணிதான் கொஞ்சம் அசிங்கமா இருக்கு" என்கிறார்கள். அவர்களுக்குக் காபி கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை. அன்றைக்கு ஊர்க்காரர்கள் முன்னால் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன்: சுரண்டச் சொன்னவன் நான். தெருக்காரர்கள் யாராவது படித்தால் அந்தம்மாவிடம் பேசுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் மழை பிடித்ததும், கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறேன். சுவர் அப்படியே நிற்கிறது. பூட்டின வீட்டு வாசலில் நின்று, தண்ணீர் இருக்கிறதா என்று கீழே பார்ப்பேன். திரும்பி வரும் வழியில் அவருக்கு போன் செய்வேன், எடுக்க மாட்டார். எடுத்தால் சொல்ல ஒரே ஒரு சொல் வைத்திருக்கிறேன். இந்த வருஷமும் போய்ப் பார்த்தேன்.

கீதுக்கா.